தையலம்மாள் செத்துப்போன படம்

தையலம்மாள் செத்துப்போனது ஒரு மாசி மாதத்து மத்தியானம், அவள் புருஷனுடைய கரும்புத் தோட்டத்தில். கரும்பு வெட்டுகிற கத்தியால் கூடப்பிறந்த அண்ணனே வெட்டிப் போட்டான். வெட்டி முடித்ததும் அவனே கைகொடுத்துத் தூக்கிவிட்டு, "எங்கயாவது அடி பட்டுச்சாக்கா?" என்று கேட்டான். தையலம்மாள் புடவையை உதறிக்கொண்டு எழுந்து, மோட்டார் கொட்டகைத் தொட்டியில் முகம் கழுவிவிட்டு, மாடு கறக்க நேரமாகிவிட்டது என்று வீட்டுக்கு ஓடினாள். சினிமாவில் சாவதென்றால் இவ்வளவுதான் போலிருக்கிறது என்று அன்றைக்கு நினைத்தாள். அப்படி இல்லை என்று தெரிய ஒரு வருஷம் ஆனது.

பாகூர் ஏரித் தண்ணீர் பாய்கிற ஊர்களில் அவளுடையதும் ஒன்று. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இரண்டு கறவை மாடு, கொஞ்சம் நெல், கொஞ்சம் கரும்பு, சாமிநாதன் என்று ஒரு புருஷன். சாமிநாதன் நாளொன்றுக்குப் பேசுகிற பேச்சைத் தையலம்மாள் பல் துலக்கி முடிப்பதற்குள் பேசிவிடுவாள். பால் சொசைட்டியில் அவள் குரல் கேட்டால் தெருமுனையில் இருப்பவர்கள் மணி ஆறாகிவிட்டது என்று தெரிந்துகொள்வார்கள். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாது. வைத்துக்கொள்ள இடமில்லாததால்தான் எல்லாம் வாய்வழியாக வந்துவிடுகிறது என்று ஊரில் சொல்வார்கள்.

அந்த வாய்தான் அவளைச் சினிமாவுக்குக் கொண்டுபோனது. புதுச்சேரி டவுனிலிருந்து அர்ச்சனா என்ற பெண், முப்பது வயதுகூட இருக்காது, படம் எடுக்கிறேன் என்று சாமிநாதனின் தோட்டத்தைக் கேட்டு வந்தாள். ஆர்ட் படமாம். ஆர்ட் படமென்றால் என்ன என்று கேட்டதற்கு, பாட்டு இருக்காது, சண்டைக்காட்சி இருக்காது, சிரிப்பு நடிகரும் கிடையாது என்றாள். "அப்பறம் படம் எதுக்குமா?" என்று கேட்டாள் தையலம்மாள். சென்னையிலிருந்து வந்த நடிகை கரும்புக்குள் நுழைந்து அரைமணி நேரம்கூட இருக்கமுடியவில்லை. காய்ந்த கரும்பிலை, அந்தச் சோகை அறுத்துக் கையெல்லாம் தடித்துப்போய்க் கார் ஏறிவிட்டாள். எல்லோரும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த நேரத்தில் டீ கொண்டுவந்த தையலம்மாள், லைட் ஸ்டாண்டைக் கரும்பின்மேல் சாய்த்து வைத்திருந்த ஆளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள்.

"கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது? பயிருய்யா அது. உன் வூட்டு சொவுரா, சாய்ச்சி வைக்க?"

அர்ச்சனா எழுந்து வந்தாள். "நீங்க நடிக்கிறீங்களா அக்கா?"

"நானா? எனக்குச் சண்ட போடத்தான் தெரியும்."

"அது போதும்."

சாமிநாதனிடம் கேட்டார்கள். அவர் "பால் கறக்கற நேரத்துக்கு வுட்டுடுவீங்கள்ல?" என்றார். அதுதான் அவர் கொடுத்த சம்மதம்.

கதை இதுதான்: பாக்கியம் என்று ஒரு விதவை. அப்பா கொடுத்த துண்டு நிலத்தை அண்ணன் கேட்கிறான். கொடுக்கமாட்டேன் என்கிறாள். அண்ணன் கொன்றுவிடுகிறான். கதைதானே என்று தையலம்மாள் தலையாட்டினாள். அண்ணனாக நடித்தவன் புகழ்வேந்தன் என்று வீராம்பட்டினத்துப் பையன். மீன் வண்டி ஓட்டுகிறவன், லீவு நாளில் வீதி நாடகம் போடுகிறவன். கோழி உரிப்பதைக்கூடப் பார்க்க மாட்டான். வெட்டுகிற காட்சி எடுத்த அன்றைக்குக் கத்தியை வாங்கவே மாட்டேன் என்றான்.

அந்தக் காட்சிக்கு வசனம் எழுதவில்லை. "உங்களுக்கு என்ன வருதோ அதைக் கத்துங்க" என்று சொல்லிவிட்டாள் அர்ச்சனா. கத்தியைப் பார்த்ததும் தையலம்மாளுக்குப் பாக்கியமும் மறந்துவிட்டது, கேமராவும் மறந்துவிட்டது. "எண்ணா, நான் தையலுண்ணா, என்னத் தெரியலையாண்ணா" என்று தோட்டமே கிடுகிடுக்கக் கத்தினாள். பெயர் மாறிவிட்டதே என்று பிறகு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். திரும்ப எடுத்தார்கள். திரும்பவும் அதேதான் வந்தது. எத்தனை முறை எடுத்தாலும் அதேதான் வந்தது. கடைசியில் அர்ச்சனா விட்டுவிட்டாள்.

ஏன் அதேதான் வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

தையலம்மாளுக்கு நிஜமாகவே ஒரு அண்ணன் உண்டு. நெட்டப்பாக்கம் கலியபெருமாள். பத்து வயது மூத்தவர். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் அவளை வளர்த்ததும் அவர்தான், தாரை வார்த்துக் கொடுத்ததும் அவர்தான். தையலம்மாளின் மகள் சரண்யா நர்சிங் படித்துக்கொண்டிருந்தபோது, தன் மகன் தமிழ்க்குமரனுக்கு அவளைக் கேட்டு, தட்டு வரிசையோடு உரிமையாக வந்தார். மாமன் மகனுக்கு மறுப்புச் சொல்வதற்கு ஆயிரம் வழி இருக்கிறது. படிப்பு முடியட்டும் என்று சொல்லலாம், ஜாதகத்தின்மேல் பழியைப் போடலாம். சரண்யா இதில் எதையும் சொல்லாமல், அத்தனை பேர் இருந்த கூடத்தில், "அவரு எனக்கு அண்ணன் மாதிரி மாமா" என்று சொல்லிவிட்டாள். மெட்ராஸில் சொன்னால் அது மரியாதையான பேச்சு. இங்கே, கட்டிக்கொள்கிற முறைக்காரனை அண்ணன் என்பது கன்னத்தில் அறைவதற்குச் சமம்.

கலியபெருமாள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். "மொற தெரியாத பொண்ண வளத்து வச்சிருக்கற. உனக்கு அண்ணன் இல்லனு நெனச்சிக்க" என்றார். அதற்குப்பிறகு பேச்சு இல்லை. தமிழ்க்குமரனுக்கு வேறு இடத்தில் பெண் எடுத்துக் குழந்தையும் பிறந்துவிட்டது. எதற்கும் அழைப்பு வரவில்லை.

இப்போது சரண்யாவுக்கு வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை வில்லியனூர். நல்ல குடும்பம், ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்: "தாய்மாமன் வருவாரில்ல?" பெண்ணுக்கு நெற்றியில் பட்டம் கட்டவேண்டியவர் தாய்மாமன். ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவரை உட்காரவைத்துச் சமாளித்துவிடலாம் என்று சாமிநாதன் சொன்னார். கூடப்பிறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது வேறு ஆளை உட்காரவைப்பதா என்று தையலம்மாள் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். வெற்றிலைபாக்கு, பூ, பழத்தோடு நெட்டப்பாக்கத்துக்குப் போனாள். அண்ணி தண்ணீர் கொடுத்தாள். அண்ணன் தோட்டத்துக் கதவு வழியாக வயலுக்குப் போனவர் பொழுது சாய்கிறவரை திரும்பவில்லை. இன்னொரு முறை போனாள். வீடே பூட்டியிருந்தது. ஆனாலும் மூன்றாவது முறை போகத்தான் இருந்தாள், அதற்குள் படம் வந்துவிட்டது.

வெளிநாட்டில் ஏதோ ஒரு ஊரில் அந்தப் படத்துக்குப் பரிசு கிடைத்தது. அர்ச்சனா போனில் கதைகதையாகச் சொன்னாள். பாதிப்பேர் பாதியிலேயே எழுந்து போய்விட்டார்களாம். ஒருவர் மயங்கி விழுந்தாராம். இந்த மாதிரி எடுப்பதே பாவம் என்று ஒரு பத்திரிகையில் எழுதினார்களாம், பத்து வருஷத்தில் இப்படி ஒரு படம் வரவில்லை என்று இன்னொன்றில் எழுதினார்களாம்.

"உங்களப் பாத்து எல்லாரும் அழறாங்கக்கா."

"ஏன், நான் நல்லா இருக்கறேன்னு ஒரு வார்த்த சொல்லவேண்டியதுதான?"

விஷயம் ஊருக்குத் தெரிந்ததும் தையலம்மாளின் மகன் நவீன்குமாரும் அவன் கூட்டாளிகளும் சும்மா இருப்பார்களா? பாகூர் பஸ் நிறுத்தத்தில் ஒன்று, தவளக்குப்பம் கூட்ரோட்டில் ஒன்று என்று பேனர் வைத்தார்கள். ரத்தம் வழிகிற முகத்தோடு தையலம்மாள். அதன்மேல் 'உலகை உலுக்கிய எங்கள் தாய்' என்று ஆளுயர எழுத்து. அடியில் கூலிங் கிளாஸ் போட்ட பையன்கள் வரிசையாக. மாமா ஊருக்கும் பெருமைதானே என்று நெட்டப்பாக்கத்திலும் ஒன்று வைத்துவிட்டு வந்தான் அந்தப் புத்திசாலி.

மறுநாளே பக்கத்து வீட்டு இளவரசி வந்தாள். அவளுக்கும் பிறந்த வீடு நெட்டப்பாக்கம்தான். "அக்கா, ஷூட்டிங் பாத்தவங்க உங்க அண்ணன் கிட்ட டீக்கடையில சொல்லிட்டாங்க. தங்கச்சியக் கொல்ற அண்ணன் கதையாம், உன் தங்கச்சி உன்ன நெனச்சித்தான் நடிச்சிருக்குதாம், சொந்தப் பேரச் சொல்லி உன்னயக் கூப்புடுதாம், அப்பிடின்னு. அவரு டீய அப்பிடியே வச்சிட்டுப் பூட்டாராம்."

இருந்த ஒரு நூலும் அறுந்ததென்றே தையலம்மாள் நினைத்தாள். உடனே அர்ச்சனாவுக்குப் போன் போட்டாள்.

"யம்மா, அந்த ஒரு வார்த்தைய மட்டும் வெட்டிடு. எம்பேரு வர்ற எடம்."

"படம் முடிஞ்சிடுச்சுக்கா. இனிமே கைவைக்க முடியாது."

"அப்ப ஊர்ல போடாத."

"முதல்ல உங்க ஊருக்குத்தான் காட்டியிருக்கணும். தோட்டம் கொடுத்தவங்க நீங்க. வாக்கு கொடுத்திருக்கேனே" என்றாள் அர்ச்சனா. அவள் குரலும் இறங்கிப்போயிருந்தது. தையலம்மாள் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. கொடுத்த வாக்கு என்றால் அவளுக்கு மறுத்துப் பேச வராது.

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்ததும் சமுதாயக் கூடத்தில் படம் போட்டார்கள். திரௌபதியம்மன் திருவிழாவுக்கு வருவதுபோல ஊரே திரண்டுவிட்டது. முறுக்கு, சுண்டல், தூக்குவாளியில் தண்ணீர், மடியில் குழந்தை. நாற்காலி போதாமல் பாயும் விரித்தார்கள். அர்ச்சனாவும் புகழ்வேந்தனும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். தையலம்மாள் பெண்கள் பக்கம், சரண்யாவுக்கும் காசம்மாள் என்ற பெரியவளுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். ஒரே வேண்டுதல்தான் அவளுக்கு: நெட்டப்பாக்கத்திலிருந்து ஒரு ஈ காக்கை வந்துவிடக்கூடாது.

விளக்கை அணைக்கிற நேரத்தில் ஆண்கள் பக்கம் கடைசியில், தூணை ஒட்டிய நாற்காலியில், தோளில் துண்டோடு ஒருவர் உட்கார்ந்தார். பிறந்ததிலிருந்து பார்த்த உருவம் தையலம்மாளுக்கு இருட்டிலும் தெரியாதா? "மாமா வந்திருக்கறாரு" என்றாள் சரண்யா, மெதுவாக.

முதல் அரைமணி நேரம் ஒரே கலகலப்பு. "தோ நம்ம மோட்டார் கொட்டா", "அது யாரு, நம்ம வடிவேலு மாடு மாதிரி இருக்குது" என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தையலம்மாள் திரையில் வந்ததும் விசில் பறந்தது. பிறகு கரும்புத் தோட்டத்தைக் காட்டினார்கள். காட்டினார்கள், காட்டிக்கொண்டே இருந்தார்கள். காற்றில் தோகை அசைகிறது, வேறொன்றும் நடக்கவில்லை. "மிஷினு சிக்கிக்கினிச்சா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். கூடம் சிரித்தது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கத்தி வந்துவிட்டது.

சாதாரண சினிமாவில் ஒரு வெட்டு, ஒரு அலறல், அப்புறம் போலீஸ் ஜீப். இதில் அப்படியில்லை. கேமரா நகரவே இல்லை. விழுந்தவள் எழுந்து ஓடுகிறாள், மறுபடி விழுகிறாள், சோகைமேல் தவழ்கிறாள், அவன் பின்னாலேயே போகிறான். பின்னணி இசையும் இல்லை. சோகை நொறுங்குகிற சத்தமும் மூச்சு வாங்குகிற சத்தமும்தான். முதலில் தாய்மார்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். ஒரு இளவட்டம் ஏதோ கிண்டலடித்தான். ஒருவரும் சிரிக்காததால் அவனும் வாயை மூடிக்கொண்டான். கூடத்துக்குப் பின்னால் யாரோ வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. இளவரசி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "முடிஞ்சிதாக்கா, முடிஞ்சிதாக்கா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். காசம்மாள், "அடப்பாவி, அடப்பாவி" என்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்த புகழ்வேந்தனைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றாத குறைதான். அவனோ தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான். வெட்டு நடந்த அன்றைக்கு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போயிருந்த சாமிநாதன் இப்போதுதான் இதைப் பார்க்கிறார். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். சரண்யா அம்மாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். நர்சு அல்லவா, நாடி ஓடுகிறதா என்று பார்க்கிறாளோ என்னவோ.

தையலம்மாளும் அப்போதுதான் பார்த்தாள். அந்த ரத்தம் பீட்ரூட் சாறு என்று அவளுக்குத் தெரியும். புகழ்வேந்தன் ஒவ்வொரு முறையும் தூக்கிவிட்டதும் தெரியும். தெரிந்தும், அங்கே தவழ்கிறவளை யாராவது போய்த் தூக்கக்கூடாதா என்று இருந்தது.

"எண்ணா, நான் தையலுண்ணா, என்னத் தெரியலையாண்ணா."

பாதிக் கூடம் தூணைத் திரும்பிப் பார்த்தது. கலியபெருமாள் துண்டை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தையலம்மாள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டாள். முடிந்தது, இனிமேல் ஜென்மத்துக்கும் அண்ணன் கிடையாது என்று தோன்றியது. வைகாசிக் கல்யாணம் கண்முன்னால் வந்தது. மணவறையில் சரண்யா உட்கார்ந்திருக்கிறாள், பட்டம் கட்டுகிற இடத்தில் முகம் தெரியாத எவரோ நிற்கிறார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் சினிமாவில் போய்க் கத்தினோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

படம் அடுத்த கட்டத்துக்குப் போனது. பாக்கியத்தின் பிணத்தை வாசலில் கிடத்தியிருக்கிறார்கள். மாலை இருக்கிறது, மேளம் இருக்கிறது, பாடை இருக்கிறது. நான்கு பேர் வருகிறார்கள். தூக்கப் போகிறார்கள்.

"நிறுத்துபா."

கூடமே அதிர்ந்தது. கலியபெருமாள் எழுந்து நடுவழியாகத் திரையை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார். "நிறுத்துன்றன்ல. தூக்காத. எதுக்குத் தூக்கற? பொறந்த வூட்டுக் கோடி எங்க?"

மிஷின் ஓட்டிய பையன் பயந்துபோய் நிறுத்திவிட்டான். திரையில் தையலம்மாளின் பிணம் அப்படியே நின்றது.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் செத்தால், பிறந்த வீட்டிலிருந்து கூடப்பிறந்தவன் ஒரு புதுப் புடவை கொண்டுவருவான். அதுதான் கோடி. அதைப் போர்த்தாமல் பிணத்தை எடுக்க மாட்டார்கள். அண்ணன் துபாயில் இருந்தாலும் காத்திருப்பார்கள், பகையாளியாக இருந்தாலும் காத்திருப்பார்கள். டவுனில் வளர்ந்த அர்ச்சனாவுக்கு இது தெரியாமல் போய்விட்டது. தெரிந்திருக்க வேண்டிய தையலம்மாளோ அந்தக் காட்சி எடுத்தபோது கண்ணை மூடி மூச்சை அடக்கிப் படுத்திருந்தாள். பிணம் எழுந்து யோசனை சொல்ல முடியுமா?

புகழ்வேந்தன் எழுந்து, "அய்யா, இது படம்ங்கய்யா" என்று சமாதானமாகத்தான் சொன்னான்.

"நீ பேசாத. நீ பண்ண வேலைக்கு உன்ன இன்னா பண்றதுன்னு அப்பால பாக்கலாம். உக்காரு" என்றார் கலியபெருமாள். அவன் உட்கார்ந்துவிட்டான்.

"அந்த ஆளு சொல்றது ஞாயந்தான" என்றாள் காசம்மாள். அவ்வளவுதான், பெண்கள் பக்கம் முழுக்கப் பிடித்துக்கொண்டது. கோடி இல்லாமல் எந்த ஊரில் பிணம் எடுக்கிறார்கள், அனாதைப் பிணமா அது, அவளுக்குச் சாதி சனம் இல்லையா என்று ஆளாளுக்கு எழுந்து நின்று கேட்டார்கள். அர்ச்சனா திகைத்துப்போய் நடுவில் நின்றாள். எத்தனையோ ஊர்களில் இந்தப் படத்துக்காகச் சண்டை போட்டிருக்கிறாள். எல்லா இடத்திலும் ரத்தத்தைப் பற்றித்தான் கேட்டார்கள். இங்கே ரத்தத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கொன்னதே அண்ணன்தானே பாட்டி. அவன் ஜெயில்ல இருக்கான். கோடி யாரு கொண்டு வருவா?"

"அண்ணன் இல்லன்னா ஊர்ல ஒருத்தன் அண்ணன் மொறைக்கு நின்னு எடுத்தாருவான்டி பொண்ணே. வெட்னது ஒருத்தன். ஊரே சேந்தா வெட்டுச்சி?" என்றாள் காசம்மாள்.

அர்ச்சனாவுக்கு முகம் மாறிவிட்டது. ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டுக் காசம்மாளுக்கு எதிரிலேயே உட்கார்ந்து, "இன்னும் சொல்லுங்க" என்றாள். அந்தப் பெண்ணிடம் எனக்குப் பிடித்தது அதுதான்.

இந்தக் கூச்சலில் கலியபெருமாளை எல்லோரும் மறந்துவிட்டார்கள். தையலம்மாள் மறக்கவில்லை. அவர் திரைக்கு முன்னால் தனியாக நின்றுகொண்டிருந்தார். இத்தனை பேருக்கு நடுவில், உனக்கு அண்ணன் இல்லை என்று சொன்ன வாயாலேயே தங்கச்சிக்குக் கோடி எங்கே என்று கேட்டுவிட்டோமே என்று அப்போதுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் விடுவிடுவென்று வெளியே நடந்தார்.

தையலம்மாள் சரண்யாவின் கையை உதறிவிட்டு எழுந்தாள். பாயில் உட்கார்ந்திருந்தவர்களின் கால்களை மிதித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். இப்போது விட்டால் பிறகு இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

வெளியே சிறுபாலத்துக் கட்டையில் சாமிநாதன் உட்கார்ந்திருந்தார். கலியபெருமாள் தன் டிவிஎஸ் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார். அது கிளம்பவில்லை. தையலம்மாள் கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"ண்ணா" என்றாள். ஊரையே எழுப்புகிற அந்த வாயில் அது பாதிதான் வந்தது.

அவர் திரும்பவில்லை. வண்டியையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அந்த ரத்தம் இன்னாத்துல பண்ணது?"

"பீட்ரூட்டு சாறு. கூட மைதா."

"மூஞ்சியெல்லாம் ஊத்திக்கினு இருந்திச்சே. கண்ணு எரியலையா?"

"எரியல. சக்கர கலந்துட்டாங்க. எறும்புதான் மொச்சிது."

உள்ளே பெண்கள் அர்ச்சனாவுக்குப் பாடம் எடுக்கிற சத்தம் கேட்டது. கலியபெருமாள் மறுபடி ஒருமுறை வண்டியை உதைத்தார். அது கிளம்பாததைப்பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

"ஒரே தபாதான் எடுத்தாங்களா?"

"இல்ல. நாலு தபா."

"நாலு தபாவும் என்னத்தான் கூப்ட்டியா?"

"வேற யாரக் கூப்புடுவேன்?" என்றாள் தையலம்மாள்.

கலியபெருமாள் வண்டியை ஸ்டாண்டு போட்டார். போட்டுவிட்டு அதன்மேலேயே சாய்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். அறுபது வயதைத் தாண்டிய மனிதர் அப்படி அழுவதைச் சாமிநாதன் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து வந்து, "மச்சான், விடுங்க, படந்தான" என்றார். அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"படந்தான் மாப்ள. படமா இருக்கங்காட்டி தப்பிச்சேன்" என்றார் கலியபெருமாள். முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு தங்கையைப் பார்த்தார். நேருக்கு நேர் பார்த்தார். "டீக்கடையில அவனுவ சொன்னப்ப, ஊரு நடுவுல என்ன அசிங்கப்படுத்திட்டன்னுதான் நெனச்சேன். நாலு கேள்வி கேட்டுட்டுப் போவலாம்னுதான் வந்தேன். நீ அங்க கெடந்து கூப்புடற, நான் தோ தூணாண்ட உக்காந்துகினு பாக்கறேன். எனக்கு எப்பிடி இருந்திருக்கும் சொல்லு."

தையலம்மாள் அழ ஆரம்பித்துவிட்டாள். படத்தில் கத்தியதைவிடப் பெரிய குரலில் அழுதாள். கூடத்துக்குள் பேச்சு சட்டென்று நின்றது.

"மெதுவாடி. மறுபடியும் எவனோ வெட்றான்னு ஊரே ஓடியாரப் போவுது" என்றார் சாமிநாதன்.

ஓடித்தான் வந்தார்கள். முதலில் சரண்யா வந்தாள், பின்னால் இளவரசி, காசம்மாள், அர்ச்சனா, எல்லோருக்கும் பின்னால் பயந்துகொண்டே புகழ்வேந்தன். அண்ணனும் தங்கையும் வண்டியின் இரண்டு பக்கமும் நின்று அழுவதைப் பார்த்து அத்தனை பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். சரண்யா மட்டும் கிட்டே வந்து, "மாமா" என்றாள். கலியபெருமாள் அவள் தலையில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்காமலே தங்கையிடம் சொன்னார்.

"உனக்குக் கோடி எடுக்கற வேல எனக்கு வேணாம் தையலு. நான் போயி ரொம்ப நாள் கழிச்சித்தான் நீ வரணும். இந்தப் பொண்ணுக்குத் தாய்மாமன் பொடவ நாந்தான் எடுப்பேன். வெள்ளிக்கெழம கெளம்பி வா, உன் அண்ணியையும் கூட்டிக்கினு கடைக்குப் போவலாம்."